பெரியவன் தூரமா, சின்னவன் தூரமா?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது ஆசிரியர் எனக்கு இட்ட வேலை. கோயிலைப் பார்த்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா கோபுரத்தின் பக்கம் போகாமல், ஜெயங்கொண்டத்தில் நான் தங்கியிருந்த வீட்டுத் திண்ணைக்கே போகிறது. அங்கே ஒரு வழக்கு நடந்தது. கோர்ட்டு வழக்கு அல்ல, மாமியார் மருமகள் வழக்கு. அதில் என்னை நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். இந்த மாதிரி வழக்கில் தலையிட்டு நல்ல பெயர் வாங்கிய ஆண் பிள்ளை உலகத்தில் உண்டா என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும். இருந்தாலும், சாப்பிட்ட வீடு, மறுக்க முடியவில்லை.

காரியாலய நண்பர் ஒருவரின் பெரியம்மா வீடு அது. அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். இரண்டு பிள்ளைகள். பெரியவன் துபாயில் மின்சார வேலை. சின்னவன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் மேற்பார்வை. இரண்டு மருமகள்களும் ஊரிலேயே மாமியாருடன் இருக்கிறார்கள். அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஊர்களில் இது புதுமையல்ல. தெருவுக்கு நாலு வீட்டில், சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணியும் நெஞ்சுக்குள் வேறு ஒரு மணியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நான் போன சமயம் சின்னவன் லீவில் வந்து, திரும்பக் கிளம்பும் வாரம். முறுக்கு சுட்டுக்கொண்டே பேச்சு நடந்தது.

"பெரியவன்தான் தம்பி ரொம்பத் தூரத்துல இருக்கான். சின்னவன் பக்கம்" என்றார் அம்மாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"சின்னவன் அங்கே ராத்திரி ஒம்பது மணிக்குப் பிளேன் ஏறினா, பதினொண்ணு அடிக்கிறதுக்குள்ள திருச்சியில நிக்கிறான். பெரியவன் அதே ஒம்பது மணிக்கு ஏறினா, நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்திரிச்சு, மூணு மணி ஆகப்போவுதுங்கறப்பதான் இறங்கறான். அப்ப எது தூரம்?"

மறுக்க முடியாத சாட்சியம் அல்லவா? ஆனால் பெரிய மருமகள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அத்தை வர்ற கணக்கை மட்டும் பார்க்கிறாங்க சார். போற கணக்கைப் பாருங்க. இவர் இங்கே நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஏறினா, மூணு மணிக்குள்ள துபாயில இறங்கிடறார். கொழுந்தனார் பன்னிரண்டுக்கு ஏறினா, அங்கே இறங்கறப்ப மணி ஏழாகப் போவுது. அப்ப யார் தூரம்?"

சின்ன மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. முறுக்குப் பிழிவதில் மும்முரமாக இருந்தாள். கணவன் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருக்கும்போது எந்தப் பெண் தூரத்தைப் பற்றித் தர்க்கம் செய்வாள்?

எனக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் அன்று இரவு திண்ணையில் படுத்திருந்தபோது அம்மாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "விளையாட்டுக்குக் கேக்கல தம்பி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எவன் முதல்ல வந்து நிப்பான்?"

அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கோயில். வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாராதவர்கள் ஒரு தடவை போய் வாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரம் கொஞ்சம் குறைவு. ஆனால் அதன் விமானம் வளைந்து இறங்குகிற நயம் இதற்கே உரியது. 2004-ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. கோயிலைச் சுற்றி இருந்த மதிலின் கற்கள் இப்போது அங்கே இல்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் கல்லுக்குக்கூட வெளியூர்ப் பிரயாணம் எழுதியிருக்கிறது!

கோயில் வாசலில் நிற்கும்போதுதான், நான் தேடுகிற கணக்கு இந்த ஊருக்கு ஆயிரம் வருஷத்துக் கணக்கு என்று பட்டது. இங்கே தலைநகரை அமைத்த ராஜேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து கப்பற்படையை அனுப்பினானே, அந்தக் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு என்று 2025 ஜூலையில், ஆடித் திருவாதிரையை ஒட்டி இங்கே பெரிய விழா நடந்தது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கெடாவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,400 கிலோமீட்டர். பக்கத்து மாளிகைமேட்டில் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டியபோது செங்கற் சுவர்களோடு சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. அந்த நாளிலேயே கீழ்த்திசைச் சாமான் இந்த ஊர் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்றைக்குச் சின்னவன் பெட்டியில் தைலப் புட்டி வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்றைய கப்பல் எத்தனை நாளில் போயிற்று என்பதற்கு ஒரே பதில்தான்: காற்று விட்டபோது. மேற்கேயிருந்து வீசும் காற்றில் பாயை விரித்துக் கிழக்கே போகவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று திரும்பும்வரை அக்கரையில் காத்திருந்து, அதில் ஏறி வீடு வரவேண்டும். போக வர ஒரு வருஷத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். மனைவிமார்கள் நாளை எண்ணிப் பயனில்லை, பருவத்தை எண்ணவேண்டும்.

அதற்குப் பிறகு வந்தது நீராவிக் கப்பல். அம்மாளின் மாமனார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிச் சிங்கப்பூர் போனவராம். தஞ்சை, திருச்சி ஜில்லாக்களில் 'ரஜூலா' என்ற பெயரைக் கேட்டால் இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் உண்டு. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று மாறி மாறி ஓடியது. நாகையில் படகில் ஏறி, நடுக்கடலில் நின்ற கப்பலுக்குப் போய் ஏறவேண்டும். தளத்தில் பாயை விரித்துப் படுத்தால், சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு இரையானதோடு, சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் போன காலம் முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும், ஏழாவது படிக்கிற பேத்தியின் பூமி உருண்டையை வாங்கிக்கொண்டேன். பூக்கட்டுகிற நூல் ஒன்று. உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளக்கக் கூடாது. பூமி தட்டை அல்லவே? உருண்டையின்மேல் நூலை இறுக்கிப் பிடித்தால், அது எந்த வழியாக விழுகிறதோ அதுதான் குறுக்கு வழி. திருச்சியில் ஒரு முனையை வைத்து, நூலைச் சிங்கப்பூர் வரை இழுத்தோம். கோடிக்கரைப் பக்கமாகக் கடலில் இறங்குகிறது. நிக்கோபார் தீவுகளை இடப்பக்கம் விட்டுவிட்டு, சுமத்திராவின் வடபகுதியைத் தாண்டி, மலாக்கா ஜலசந்தி வழியாகச் சிங்கப்பூர். நக்கவாரம் என்றும் இலாமுரிதேசம் என்றும் ராஜேந்திரன் தன் வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டில் பொறித்த இடங்கள் இந்த நிக்கோபாரும் வடசுமத்திராவுந்தான். அந்தப் பக்கமாகத்தான் போகிறது நம்முடைய பூ நூல்!

நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அதே நீளத்தை மேற்கே திருப்பி வைத்தோம். முடிச்சு துபாயின்மேல் போய் உட்கார்ந்தது.

"அப்பாயி, ரெண்டும் ஒண்ணுதான்!" என்று பேத்தி கத்தினாள்.

அம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நம்பவில்லை. நூல் நீளும் என்றார். நியாயமான ஆட்சேபம். ஆகையால் அன்றிரவு, காலேஜில் படித்து மறந்துபோன கோள முக்கோணக் கணிதத்தைத் தூசி தட்டி, ஊர்களின் அட்ச, தீர்க்க ரேகைகளை வைத்துக் கணக்குப் போட்டேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி சுமார் 2,980 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 1,850. துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். வித்தியாசம் 40 கிலோமீட்டர். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகிற தூரம், அவ்வளவுதான். டில்லி திருச்சிக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். டில்லிக்கு மேலே அதில் பாதியைக் கூட்டினால் இரண்டு பிள்ளைகளும் கிடைப்பார்கள், ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே.

ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் பறக்கிறது. வெறும் வகுத்தல் கணக்கில் மூன்றரை மணியில் போய்விடலாம். ஆனால் கதவை மூடியதிலிருந்து கணக்கு. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, இறங்க முறை வரும்வரை வட்டமிடுவது எல்லாம் சேர்ந்து சுமார் நாலேகால் மணி ஆகிறது. இரண்டு பக்கத்துக்கும் அதே நாலேகால்தான்.

அப்படியானால் மாமியாரின் சாட்சியமும் மருமகளின் சாட்சியமும் பொய்யா? இரண்டும் உண்மை. கடிகாரம் செய்த கலகம் அது. சூரியன் சிங்கப்பூரில் நமக்கு முன்னால் உதிக்கிறான். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பிந்தி. சின்னவன் ஒன்பதுக்கு ஏறி நாலேகால் மணி பறந்தால், அவன் கைக்கடிகாரத்தில் ஒன்றேகால். அதில் இரண்டரையைக் கழித்தால் நம் ஊரில் பத்தேமுக்கால். பெரியவனுக்கோ ஒன்றேகாலோடு ஒன்றரையைக் கூட்டவேண்டும்; இரண்டேமுக்கால். அவர்கள் போகும்போது இந்தக் கூட்டல் கழித்தல் இடம் மாறிக்கொள்கிறது.

"அதெப்படி ரெண்டரை?" என்றார் அம்மாள். "என் மாமனார் எப்பவும் ரெண்டு மணிதான் வித்தியாசம்னு சொல்லுவார். அரை மணி அதிகமாயிடுச்சுன்னா, அந்த ஊரு தள்ளிப் போயிடுச்சா?"

மாமனார் சொன்னதும் சரிதான். 1982 ஜனவரி முதல் தேதியன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. மலேசியா தன் கிழக்குப் பகுதியான சபா, சரவாக்கோடு ஒரே மணியாக இருக்க அப்படிச் செய்தது. ஒட்டியிருக்கிற சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. மற்றபடி ஊர் தள்ளிப் போகவில்லை.

'ஊர் தள்ளிப் போகுமா?' என்ற கேள்வியை மட்டும் அரியலூர்க்காரர்களிடம் அலட்சியமாகக் கேட்டுவிடக் கூடாது. இந்த மண்ணே ஒரு பெரிய பிரயாணி. பல கோடி வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பியும் சங்கும் கல்லாகி இன்றும் வயலில் கிடைக்கின்றன. சிமெண்டு ஆலைகள் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான். பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 12 கோடி வருஷம் என்கிறார்கள். அந்த மரம் நின்ற காலத்தில் இந்தியா பூமத்தியரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. அங்கிருந்து வடக்கே நகர்ந்து வந்திருக்கிறது. இன்றும் வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறதாம். டிக்கெட் இல்லாத பிரயாணம்!

இன்னொரு விஷயம். கப்பலுக்குக் காற்று வேண்டும், விமானத்துக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன். அதுவும் தவறு. ஆடியில் அம்மியைப் பறக்கவிடுகிற காற்று நம் தலைக்கு மேல் மேற்கேயிருந்து வீசுகிறது. ஆனால் அதே மாதங்களில், விமானம் பறக்கிற உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கேயிருந்து மேற்கே ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது. கோடீஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை விஞ்ஞானி 1958-இல் இதைப் பற்றி எழுதி உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். ஆகையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை துபாய் போகிற விமானத்துக்குப் பின்காற்று. சிங்கப்பூர் போவதற்கு எதிர்காற்று. சில நிமிஷங்கள் வித்தியாசப்படலாம். பாய்மரக் காலத்துப் பழக்கம் முழுதும் போய்விடவில்லை!

கிளம்பும் நாள் வந்தது. நானும் அதே வாடகைக் காரில் தொற்றிக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கே புறப்பாடு. விமானம் நடுநிசிக்கு மேல். ஆனால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கவேண்டும். தவிர, பெரம்பலூரில் சின்ன மருமகளின் பிறந்த வீட்டில் சாப்பாடு. பெட்டியில் ஜெயங்கொண்டத்து முந்திரி ஏற்கெனவே ஏறிவிட்டது. பெரம்பலூரில் சின்ன வெங்காய வடகம் காத்திருந்தது. 'எடை கூடிவிடும், எடை கூடிவிடும்' என்று சின்னவன் சொல்லச் சொல்ல, கைப்பிடி கைப்பிடியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அரியலூரில் ரயில்வே கேட்டுப் பக்கம் வந்தபோது அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1956 நவம்பர் 23-ஆம் தேதி, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் நிலைகுலைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததே, நூறு பேருக்கு மேல் மாண்டார்களே, அப்போது அவர் சின்னக் குழந்தை. அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார் என்பதைச் சரித்திரத்தில் படித்திருக்கிறோம். அம்மாளுக்கு அது சரித்திரமல்ல. "எனக்கு ரயில்தான் தம்பி பயம். பிளேன் பயமில்லே. மேலே ஆறு இல்லே பாருங்க" என்றார்.

பெரம்பலூருக்கு அந்தப் பயமும் இல்லை. அந்த ஊருக்கு ரயிலே கிடையாது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலைதான் அதற்கு எல்லாம். சாப்பாடு முடிந்து அந்தச் சாலையில் ஏறியதும், மேற்பார்வை வேலைக்காரர் மனைவியின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திருச்சி நிலையத்துக்கு 2012-இல் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. 2024-இல் புதிய கட்டடமும் வந்தது. கோபுர வர்ணங்களும் பெரிய கண்ணாடிகளுமாகக் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள்: தூக்குவாளி, தூங்குகிற குழந்தை, கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி, புது மஞ்சள் கயிறு. நாகப்பட்டினத்துக் கரையில் 'ரஜூலா'வுக்காக நின்ற கூட்டமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சின்னவன் உள்ளே போனான். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு தடவை கையை ஆட்டினான். விமானம் கிளம்பிவிட்டது என்று தெரிகிறவரை அம்மாள் நகரவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே என் தீர்ப்பைக் கேட்டார். சொல்லவேண்டியதாயிற்று.

"அம்மா, இந்த விமான நிலையத்திலிருந்து பார்த்தால் பெரியவர் 40 கிலோமீட்டர் பக்கம். ஆனால் நம் வீட்டு வாசலிலிருந்து கோடு போட்டால் சின்னவர் 40 கிலோமீட்டர் பக்கம்."

உண்மைதான். ஜெயங்கொண்டம் திருச்சிக்குக் கிழக்கே இருப்பதால், வீட்டிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,930, துபாய் 2,970. இங்கே ஒரு தட்டு தாழ்கிறது, அங்கே இன்னொரு தட்டு. இரண்டும் சமமாக நிற்கிற இடம் அரியலூரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் கிழக்கே வருகிறது.

"முதல்ல எவன் வருவான்னு கேட்டேனே?"

"டிக்கெட்டு யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவர். ஆகாயத்தில் இரண்டு பேருக்கும் நாலேகால் மணிதான்."

பெரிய மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "தூரம் கிலோமீட்டர்லயா சார் இருக்கு? லீவுல இருக்கு. கொழுந்தனாருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. இவருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை." அம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்த வழக்கில் அவள் ஏன் அவ்வளவு பிடிவாதமாக வாதாடினாள் என்பது அப்போதுதான் அவருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது போலிருக்கிறது.

திரும்பும்போது லால்குடி வழி. சின்ன மருமகள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அரியலூரைக் கடக்கும்போது மணி இரண்டேகால். சின்னவன் வங்காள விரிகுடாவின் நடுவில் எங்கோ பறந்துகொண்டிருப்பான்.

"தம்பி, அந்தச் சமமா நிக்கிற இடம் எங்கே வரும்?" என்றார் அம்மாள்.

உத்தேசமாக ஓர் இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். ஒரு மதகு, இரண்டு வேப்பமரம், தூரத்தில் சிமெண்டு ஆலையின் விளக்கு. அம்மாள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.

"இங்கேதான் வீட்டைக் கட்டியிருக்கணும்" என்றார்.

அப்போது பெரிய மருமகளின் செல்போன் அடித்தது. துபாயில் மணி பன்னிரண்டேமுக்கால். "தம்பி ஏறிட்டானா?" என்ற குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மாள் போனை வாங்கிக்கொண்டார்.

"ஏறிட்டான்டா. நீ தூங்கு. உனக்கு விடியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இரு, அவகிட்ட குடுக்கிறேன்."